அப்பா புரட்டிப் பார்த்த டீஷர்ட்

கேள்வி: எம்.பி.ஏ. படிப்பின் ஒரு பகுதியாக, பெங்களூரில் ஒரு சிறிய மலையேற்ற உடை நிறுவனத்தில் பிராடக்ட் மேனேஜ்மென்ட் இன்டர்னாக இருக்கிறேன். மொத்தமே 11 பேர். மூன்று மாதமாகச் சாம்பிளை டேப் வைத்து அளப்பதும், ‘தையல் விட்டுவிட்டது’ என்று வரும் புகார் மெயில்களைப் படிப்பதும்தான் வேலை. செயலி நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களோ அடுத்து எதை எப்போது செய்வது என்று ரோட்மேப் போடுகிறார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. அளவு சரியில்லை என்று திரும்பி வந்த முழுக்கை டீஷர்ட் ஒன்றை ஊருக்குப் போட்டுக்கொண்டு போனால், திருப்பூரில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் அப்பா அதைக் கழற்றச் சொல்லிப் புரட்டிப் பார்த்து, “அக்குள்ல நாலு தையலும் ஒரே எடத்துல முட்டுது, கையத் தூக்கித் தூக்கி எறக்குனா இங்கதான் விடும்” என்கிறார். எதிலும் குறை! இன்டர்ன்ஷிப்பை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு.

பதில்: தம்பி, விடுவது இருக்கட்டும். தையல் விட்டதாக மெயில் வருகிறது என்கிறீர்கள். எங்கே விடும் என்று அப்பா சொன்னதையும் எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கே வரி. அந்த மெயில்களில் எத்தனை பேர் அக்குளைச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு தரமாவது எண்ணிப் பார்த்தீர்களா? எண்ணியிருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

மலையேறுகிறவர் கையைத் தூக்கிப் பாறையைப் பிடிக்கிறார், கோல் ஊன்றுகிறார், முதுகில் பையோடு மணிக்கணக்கில் நடக்கிறார். துணி இழுபடுகிறது, நூல் அந்த அளவுக்கு இழுபடாவிட்டால் அறுகிறது. கைத் தையலும் பக்கத் தையலும் கூடும் இடத்தில்தான் இழுப்பு அதிகம். அதற்காகத்தான் இந்த வகை உடைகளில் அக்குளுக்கு டைமண்ட் வடிவில் தனித் துண்டு வைக்கிறார்கள். உடையின் அளவும் தையல் விவரமும் எழுதித் தரும் டெக் பேக்கில் அதற்கு கஸெட் என்று பெயர். பை வார் உரசும் என்று தோள் தையலை முன்பக்கம் தள்ளி வைப்பதும், தடித்த தையல் குத்தும் என்று தட்டையாகப் படியும் பேட்லாக் தையல் அடிப்பதும் இதே யோசனைதான். உங்கள் அப்பா மலையேறிப் பார்த்ததில்லை. துணியைப் புரட்டியதும் சொல்லிவிட்டார்.

பீஸ் ரேட்டுக்கு மிஷின் முன்னால் குனிந்தே இருந்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் உங்களை எம்.பி.ஏ. வரை அனுப்பியவர் அவர். அவர் சொன்னால் குறை. கோட் போட்ட ஒருவர் அதையே வகுப்பில் ‘யூசர் இன்சைட்’ என்று சொல்லியிருந்தால் குறிப்பெடுத்திருப்பீர்கள். மாதாமாதம் பணம் அனுப்பினால் பெற்றவர் கடன் தீர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதிக்கு நிறையவே எழுதுகிறார்கள். அப்பாவின் தொழிலறிவுக்குக் காது கொடுப்பதும் பிள்ளையின் கடமை என்பது என் கட்சி. பழைய கட்சி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்காக அப்பா சொன்னதை அப்படியே முதலாளியிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. டீஷர்ட்டை யார் வாங்குகிறார்கள், என்ன விலை தாங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கஸெட் வைத்தால் கட்டிங் கூடும், தையல் கூலி ஏறும், துணியும் கொஞ்சம் வீணாகும். பீஸுக்கு எத்தனை ரூபாய் ஏறுகிறது, திரும்பி வருகிற ஒவ்வொன்றுக்கும் கூரியருக்கும் மாற்று உடைக்கும் எவ்வளவு போகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் கேட்ட பிராடக்ட் வேலை அதுதான். நண்பர்களின் ரோட்மேப்பும் இப்படி யாராவது புகாரை உட்கார்ந்து எண்ணினால்தான் உருப்படும்.

இந்த ஞாயிறு ஊருக்குப் போங்கள். தையல் விட்டுத் திரும்பி வந்ததில் பத்து உருப்படி எடுத்துப்போய் அப்பா முன்னால் வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். நூலா, மிஷினில் நூலின் இறுக்கமா, துணி வெட்டிய பேட்டர்னா என்று அவர் பிரித்துச் சொல்வார். பிறகு கஸெட் வைத்து ஒரு சாம்பிள் தைக்கச் சொல்லுங்கள். அதை முதலாளியிடம் காட்டும்போது தைத்தவர் யார், சொன்னவர் யார் என்று பெயரோடு சொல்ல வேண்டும். சாம்பிள் கூலியையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்; அப்பாதானே என்று ஓசியில் முடித்துவிடாதீர்கள்.