மறுபடி ஐந்து சிட்டிங் என்றால் கட்டி போகவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் புற்றுக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு 15 சிட்டிங் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது எலக்ட்ரான் கதிரில் இன்னும் 5 வேண்டும் என்கிறார்கள். இதயம் கெடுமா, தோல் வெந்துபோகுமா, பேரனைத் தூக்கலாமா? நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டில் மஞ்சளும் சோற்றுக் கற்றாழையும் பூசுகிறோம்.
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கட்டி முழுதாகப் போகவில்லையோ என்ற பயம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை. இந்த 5 சிட்டிங்கை வைத்து அப்படி நினைக்க வேண்டாம். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கும் இதற்குப் பெயர் பூஸ்ட். ஐரோப்பாவில் இதை ஆராய்ந்தபோது, கட்டி முழுதாக அகற்றப்பட்ட 5,318 பெண்களைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 20 ஆண்டுகளில் அதே மார்பில் புற்று திரும்பியது பூஸ்ட் இல்லாதவர்களில் 16.4 சதவீதம், பெற்றவர்களில் 12 சதவீதம்.

இதயத்தை நினைத்துத்தான் எலக்ட்ரானையே தேர்ந்தெடுக்கிறோம். எக்ஸ்-ரே போல அது உடம்பை ஊடுருவி மறுபக்கம் போகாது. 9 எம்இவி (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) எலக்ட்ரான் சதைக்குள் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டரில் நின்றுவிடும். எவ்வளவு ஆழம் தேவை என்பதை சிடி ஸ்கேனில் அளக்கிறோம். சர்ஜன் உள்ளே சின்ன கிளிப் வைத்திருந்தால் இடம் துல்லியமாகத் தெரியும். தையல் தழும்பை மட்டும் நம்பினால் தப்பிப்போகலாம், கட்டி சில சமயம் தழும்புக்குத் தள்ளி இருந்திருக்கும். கிளிப் இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

பேரனைத் தாராளமாகக் கொஞ்சலாம், உடம்பில் கதிர் எதுவும் தங்காது. தோல் சிவந்து கறுக்கும், அப்புறம் ஆறிவிடும். ஆனால் அந்த மஞ்சளை இன்றே நிறுத்துங்கள். தோலில் போட்ட குறி அழிந்தால் எதை வைத்துக் குறிபார்ப்பது? எந்தப் பூச்சையும் தடிமனாக அப்பிக்கொண்டு வந்து படுத்தால் தோலில் விழும் டோஸும் கூடும். எதைப் பூசலாம் என்று உங்கள் டாக்டர் சொல்லட்டும், யூடியூப் வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மார்பின் வீக்கம். ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் கோத்து மார்பு பெருத்தாலும், இருந்த வீக்கம் சட்டென்று வடிந்தாலும், ஸ்கேனில் அளந்த ஆழம் இப்போது மாறியிருக்கும். பழைய கணக்கிலேயே எலக்ட்ரானைச் செலுத்தினால் ஒன்று கட்டி இருந்த இடத்துக்கு எட்டாது, அல்லது தேவைக்கு மேல் உள்ளே போகும். அடுத்த சிட்டிங்குக்குப் படுக்கும் முன்பே சொல்லுங்கள், மறுபடி அளந்து திட்டத்தை மாற்றுவார்கள். வீக்கத்தோடு காய்ச்சல், வலி, சீழ் எது சேர்ந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு மூடி மறைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள், திங்கள்வரை காத்திருக்க வேண்டாம்.