துரை கொடுத்த பச்சைத் தட்டு

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் சமையற்காரராக இருந்த என் தாத்தாவுக்கு, அங்கிருந்த துரை ஊர் திரும்பும்போது கொடுத்துச் சென்ற இலை வடிவப் பச்சைத் தட்டு எங்களிடம் உள்ளது. அடியில் சாய்சதுர முத்திரையும் அதன் உச்சியில் ரோமன் நான்கும் உள்ளன. அந்த நான்குக்குக் கீழே, சாய்சதுரத்தின் மேல்மூலையில் ஓர் எண், வலது மூலையில் ஓர் எழுத்து. இது விக்டோரியா காலத்ததா? கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகில் வலைபோல் பரவிய பழுப்புக் கோடுகளை பிளீச்சிங் பவுடரால் போக்கலாமா? பண்டிகைகளில் இதில் பழம் பரிமாறலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: ஊட்டியிலும் குன்னூரிலும் பழம்பொருள் விற்பவர்கள் எதையும் 'துரை காலத்துச் சாமான்' என்றுதான் சொல்வார்கள், உங்கள் தட்டுக்கோ முத்திரையே சாட்சி. பிரிட்டனில் வடிவமைப்புகளைப் பதிவு செய்ய 1842 முதல் 1883 வரை இச்சாய்சதுரம் வழங்கியது. ரோமன் நான்கு மண்பாண்ட, பீங்கான் வகையைக் குறிக்கும். 1867 வரை பதிவான ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல்மூலையில் இருந்தது, 1868 முதல் வலது மூலைக்கு மாறியது. ஆகவே, உங்கள் தட்டின் வடிவம் 1868க்கும் 1883க்கும் இடையே, விக்டோரியா காலத்தில்தான் பதிவானது. ஆனால் அது வடிவம் பதிவான ஆண்டே தவிர தட்டு சுடப்பட்ட ஆண்டன்று. ஒரே அச்சில் பல ஆண்டுகள் வார்த்திருக்கலாம்.

இங்கிலாந்தின் மின்டன் பீங்கான் நிறுவனம் 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் வைத்த மஜோலிக்கா என்னும் வண்ண ஈய மெருகுப் பாண்டங்கள் பெரும் புகழ் பெற்றதால், அந்நாட்டின் ஸ்டோக் வட்டாரத்துப் பீங்கான் சூளைகள் பலவும் அவற்றைச் செய்தன. உங்கள் தட்டும் அவ்வகையானால், சூளையில் உருகி வழிந்த மெருகு பள்ளங்களில் தேங்கிக் கரும்பச்சையாகவும், இலை நரம்புகளின் மேட்டில் மெலிந்து வெளிறியும் இருக்கும். எங்கும் ஒரே பச்சையாக இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

அந்தக் கோடுகள், ஈரத்தை உறிஞ்சி உள்மண் சற்றே விரிய, மெருகு அதனுடன் விரிய முடியாமல் பிளந்ததால் வந்தவையாக இருக்கலாம். பனிமூட்டம் நீங்காத உங்கள் ஊரில் கறை உள்ளே இறங்குவதும் இயல்பே. பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அது விரிசல் வழியே உள்ளே போய்த் தங்கி, உலரும்போது உப்பாக உறைந்து மெருகைப் பெயர்த்துவிடும். அவசரப்பட்டு ஒரு ஜாடியை நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன். ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும்.

மெருகில் ஈயம் இருக்கக்கூடும் என்பதாலும், புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும் என்பதாலும், நறுக்கிய ஆரஞ்சும் தயிரும் ஊறுகாயும் இதில் படக்கூடாது. தோலுரிக்காத வாழைப்பழத்தைக்கூட வேறு தட்டில் வையுங்கள்.