பெண் குருவி எதைப் பார்க்கிறது?

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ரீச்சர், விலங்குகளின் இணைத் தெரிவு பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கரவெட்டியிலிருந்து: ரீச்சர், எங்கள் வளவுப் பனையில் தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. ஏன்?

கூடு பின்னுவது ஆண். பாதி முடிந்ததும் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் உள்ளே ஏறிப் பார்க்கும். பிடித்தால்தான் மிச்சக் கூட்டை ஆண் கட்டி முடிக்கும். நீங்கள் காண்பதில் பல, பெண் வேண்டாமென்று விட்டுப்போனவை. பின்னலின் அழகைவிடக் கூடு எந்த இடத்தில் தொங்குகிறது என்பதைத்தான் அவள் கூடுதலாகப் பார்க்கிறாள் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

சுன்னாகத்திலிருந்து: நுளம்புக்காகக் கிணற்றில் கப்பி மீன் விட்டோம். ஆணுக்கு மட்டும் ஏன் இத்தனை நிறம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கப்பியின் சொந்த ஊர்களில் ஒன்று திரினிடாட். அங்கே பெண் கப்பிகள் பொதுவாகச் செம்மஞ்சள் புள்ளி கூடிய ஆணை விரும்பும். ஆனால் அந்த நிறம் பெரிய மீன்களின் கண்ணிலும் படுமே! அதனால் ஆபத்து நிறைந்த ஓடைகளில் ஆண்கள் மங்கலாக இருக்கும். ஜோன் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1976இல் அப்படியொரு ஓடையிலிருந்து கப்பிகளை எடுத்து, பெரிய எதிரிகள் இல்லாத ஓடையில் விட்டார். இரண்டே வருடத்தில் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பளிச்சென்று மாறியிருந்தன. இன்னொன்று: பெண்ணின் விருப்பமும் ஓடைக்கு ஓடை வேறுபடுகிறது. செம்மஞ்சளை ஓரிடத்துப் பெண்கள் தேடிப் போகும், இன்னோரிடத்துப் பெண்கள் அவ்வளவு கவனிக்காது. ஒரே இனம் வேறு வேறு வழியில் பிரியத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

நல்லூரிலிருந்து: பெண்ணைக் கவரப் போய் ஆண் சாவதும் உண்டா, ரீச்சர்?

உண்டு. ஹவாயின் கவாய் தீவில் ஒருவகைச் சில்லூறு இருக்கிறது. ஆண் கத்துவது பெண்ணை அழைக்க. அதே சத்தத்தைக் கேட்டு ஒரு ஈயும் வந்து தன் புழுக்களை அதன்மேல் விடும். புழுக்கள் உள்ளே புகுந்து தின்னும். ஏறக்குறைய 20 தலைமுறைக்குள் அங்குள்ள ஆண்களில் பெரும்பாலானவை சத்தமே எழுப்ப முடியாத சிறகோடு பிறக்கத் தொடங்கின. அவை இன்னும் கத்தும் சில ஆண்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, தேடி வரும் பெண்ணைச் சந்திக்கின்றன.

வேலணையிலிருந்து: எப்போதும் பெண்தானா தெரிவு செய்வது?

இல்லை. எங்கள் குளங்களில் நீண்ட வாலுள்ள தாமரைக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெண்தான் பெரியது. ஆண்களுக்காகச் சண்டை பிடிப்பதும் அவள்தான். முட்டையிட்டதும் அடுத்த ஆணிடம் போய்விடுவாள். இலைமேல் குஞ்சுகளோடு நிற்பது தகப்பன்.