பித்தப்பைக் கல்லுக்குக் கரடிப் பித்து கொடுக்கலாமா? அதில் உண்மையிலேயே மருந்து இருக்கிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அப்பாவுக்கு ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறார். ஊரில் ஒருவர் கரடிப் பித்து, அதாவது காய்ந்த கரடிப் பித்தப்பை, வைத்திருக்கிறார், மூன்று வேளை கொடுத்தால் கல் கரைந்துவிடும் என்கிறார். தேடிப் பார்த்தால் அதில் மருந்து இருப்பது நிஜம் என்றும் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாத விஷயம் இது. அதில் மருந்து இருக்கிறது. அதனால்தான் ஏமாறுவதும் சுலபமாக இருக்கிறது.

நான் வேலூரில் 19 வருடமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். காந்தி ரோட்டை ஒட்டிய தெரு. பாதிக் கடைகளில் போர்டு வங்காள மொழியில் இருக்கும். அவ்வளவு பேர் வடக்கே இருந்து வைத்தியத்துக்கு வருகிறார்கள். கல்லீரல் நோயாளிகளின் சீட்டு தினமும் கைக்கு வரும். அந்தச் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கிற பெயர் உர்சோடியாக்சிகோலிக் ஆசிட். உடிலிவ் என்றால் பலருக்குத் தெரியும். கை எட்டுகிற தட்டில்தான் அந்த அட்டைகளை அடுக்கி வைத்திருப்பேன். "உர்சோ" என்று ஆரம்பிக்கிறதே, அது லத்தீனில் கரடியைக் குறிக்கும் "உர்சஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தது. உங்கள் ஊர்க்காரர் ரகசியமாக விற்கிற பொருளில் எந்தச் சத்து இருப்பதாக நம்புகிறார்களோ, அதே பொருள் மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது.

சீனாவில் கி.பி. 659-ல் தாங் வம்ச அரசு தொகுத்த மருந்து நூலிலேயே கரடிப் பித்து இருக்கிறது. அந்த நாட்டு வைத்தியர்கள் ஏதோ ஒன்றைக் கண்டுதான் எழுதியிருக்கிறார்கள். 1902-ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஹாமர்ஸ்டன் பனிக்கரடியின் பித்தநீரில் அதுவரை அறியாத ஓர் அமிலத்தைக் கவனித்தார். 1927-ல் ஜப்பானில் ஒகயாமாவைச் சேர்ந்த ஷோடா அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அதுதான் இந்த உர்சோ. 1950-களின் நடுவில் ஜப்பானியர்களே அதை ஆய்வகத்தில் தயாரிக்கும் வழியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். 1957-லிருந்து அங்கே மருந்தாக விற்பனையில் இருக்கிறது. ஆக, இந்த மருந்துக்குக் கரடி தேவைப்படாமல் போய் எழுபது வருடம் ஆகப்போகிறது.

அப்படியானால் மாத்திரைக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மாட்டுப் பித்தநீர். இறைச்சிக்கு வெட்டும் இடத்தில் சேகரிக்கிற பித்தநீரிலிருந்து கோலிக் ஆசிட் என்ற பித்த அமிலத்தைப் பிரித்து, பல படிகளில் வேதி மாற்றம் செய்து உர்சோவாக ஆக்குகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மாட்டுத் தோல் என்னவாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பித்தநீர் என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் சிலர் கடையில் கேட்பார்கள். நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன், அப்புறம் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கச் சொல்வேன்.

சரி, மருந்து கரடியில் இருப்பது உண்மையென்றால் நேராகவே கரடிப் பித்தைச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில் பல வகைக் கரடிகளின் பித்தநீரை அளந்து பார்த்தார்கள். அமெரிக்கக் கருங்கரடியில் பித்த அமிலங்களில் சராசரியாக 34 சதவீதம் உர்சோ. பழுப்புக் கரடியில் 19, பனிக்கரடியில் 17. ஒரு இலங்கைக் கரடியும் அந்தக் கணக்கில் இருந்தது. அதிலும் வேறு இரண்டு இனங்களிலும் கிடைத்தது வெறும் 1 முதல் 8 சதவீதம். ஜவ்வாது மலையிலும் குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகளிலும் கரையான் புற்றைத் தோண்டி, இலுப்பைப் பூவும் கொன்றைப் பழமும் தின்று திரிகிறதே நம் கரடி, அது அந்த இலங்கைக் கரடியின் இனம்தான். மனிதருடைய பித்தநீரிலேயே உர்சோ கொஞ்சம், சில சதவீதம், இருக்கிறது. நம் கரடியைக் கொன்று எடுக்கிற பித்து, இந்த ஒரு விஷயத்தில், உங்கள் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஓடுகிற பித்தநீரைவிடப் பெரிதாக ஒசத்தி இல்லை.

அதுவும் கரடியுடையதாகவே இருந்தால்தான். உலகம் முழுக்கக் கரடிப் பித்து என்று பிடிபட்டதைத் தடயவியல் ஆய்வகங்கள் சோதித்தபோது அதில் நிறைய பன்றிப் பித்தாக இருந்தது. கரடியின் பித்த அமிலங்கள் டாரின் என்ற பொருளோடு மட்டும்தான் சேர்ந்திருக்கும். மாடு, பன்றியில் கிளைசின் என்ற இன்னொரு பொருளோடும் சேர்ந்திருக்கும். அப்படித்தான் ஆய்வகத்தில் பிரித்தறிகிறார்கள். நீங்களும் நானும் கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாப் பித்தும் கறுப்பு, எல்லாப் பித்தும் கசப்பு.

எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக்கே ஒன்று வந்தது.

போளூர்ப் பக்கத்தில் இருக்கிற என் அத்தைக்கு இரண்டு வருடமாக உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரியானால் அதிகம், உள்ளங்கை உள்ளங்கால் எரியும். முதலில் காட்டிய இடத்தில் தோல் அலர்ஜி என்று களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். மாற்றி மாற்றி அதையே பூசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கல்லீரல் டெஸ்ட் எழுதவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அது இன்றும் எனக்கு வருத்தம்தான். கடைசியில் கண் லேசாக மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள். அதோடு ஒரு உறவுக்காரர் சந்தையிலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கிவந்தார்.

நான் போனபோது பித்தளைத் தட்டில் வைத்திருந்தார்கள். காய்ந்த அத்திப்பழம் போலச் சுருங்கி, கழுத்தில் நூல் கட்டி, ஒரு பக்கம் பிளேடால் சீவிய தடம். சீவின இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மிளகளவு சீவி வெந்நீரில் கரைத்து இரண்டு நாள் குடித்திருந்தார்கள். வீட்டில் ஒரு கசப்பு வாடை, மீன் அலசும்போது பிச்சு உடைந்தால் வருமே, அதைப் போல.

"இன்னாடா நைனா, கரடி பித்து குடிச்சா ஈரல் கழுவி வுட்ட மாரி ஆயிடும்னு சொல்றாங்களே, குடிச்சதுலேர்ந்து வாந்தியாவே கீது" என்றார் அத்தை.

நான் தட்டை எடுத்து அப்பால் வைத்துவிட்டு மறுநாளே வேலூருக்கு அழைத்துவந்தேன். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் (பித்தக் குழாயில் கோளாறு என்றால் கூடுகிற நொதி) நார்மலின் உச்ச அளவைவிட நாலு மடங்கு. இன்னொரு டெஸ்டில், செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிக்கு எதிரான ஆன்டிபாடி பாசிட்டிவ். நோயின் பெயர் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். கல்லீரலுக்குள் இருக்கிற நுண்ணிய பித்தக் குழாய்களை உடம்பே தாக்கி அழிக்கிற நோய். நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். டாக்டர் எழுதிய மருந்து என்ன தெரியுமா? உர்சோ. கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. அத்தை 52 கிலோ, அதனால் தினம் 750 மில்லிகிராம். சீட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆறாயிரம் கொடுத்து வாங்கிய அந்த உருண்டையில் எதைத் தேடினார்களோ, அது என் கடைத் தட்டிலேயே அளந்து, தேதி போட்டு, அட்டையில் இருந்திருக்கிறது.

பித்த அமிலங்கள் சோப்பு மாதிரி. கொழுப்பைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை. பித்தநீர் ஓட்டம் தடைபட்டுத் தேங்கினால் அந்தச் சோப்பு கல்லீரல் செல்களின் சவ்வையே அரிக்க ஆரம்பிக்கும். உர்சோ அந்தக் குடும்பத்திலேயே சாதுவான பிள்ளை. தண்ணீரோடு நன்றாக ஒட்டும், செல்லை அரிக்காது. தினமும் கொடுத்தால் முரட்டு அமிலங்களின் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், பித்தநீர் ஓட்டத்தையும் கூட்டும். அதோடு கல்லீரல் பித்தநீருக்குள் விடுகிற கொலஸ்ட்ராலையும் குறைக்கும். கல் கரைவதாகச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இந்தக் கடைசி வேலைதான்.

இனி உங்கள் அப்பா விஷயம். உர்சோ கரைப்பது கொலஸ்ட்ரால் கல்லை மட்டும். சுண்ணாம்பு ஏறிய கல்லும் பிலிருபின் என்ற நிறமி சேர்ந்து உண்டாகிற கறுப்புக் கல்லும் அசையாது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கல் அதிகம். நம் தெற்கில் நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். கொலஸ்ட்ரால் கல்லாகவே இருந்தாலும் சிறியதாக இருக்க வேண்டும், பித்தப்பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும். அத்தனையும் பொருந்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் மாத்திரை போட வேண்டும். நிறுத்தியபின் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் மறுபடி வருகிறது. சுத்தமான மாத்திரையே இவ்வளவு பாடுபடும்போது, மிளகளவு பித்தை மூன்று வேளை குடித்தால் எப்படிக் கரையும்?

நீங்கள் எழுதாத ஒன்று முக்கியம்: அப்பாவுக்கு வலி இருக்கிறதா? வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, வலி வந்ததே இல்லை என்றால் பெரும்பாலும் ஆபரேஷனும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், கவனித்துக்கொண்டால் போதும் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அவர் பயப்படுகிற ஆபரேஷன் அவருக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழ் வலி வந்து வந்து போகிறது என்றால் லேப்ராஸ்கோபி பற்றிப் பேசுங்கள். சிறு துளைகள்தான், பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காய்ச்சலோடு வலி, கண் மஞ்சள், விடாத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் எந்தப் பித்தும் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

"இயற்கைதானே, என்ன கெடுதல்" என்று யாராவது சொன்னால் கெண்டை மீனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை மீன்களின் பித்தப்பையை மருந்தென்று பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். கோரோசனையும் மாட்டின் பித்தக் கல்தான். எங்கள் பாட்டி பிள்ளைகளுக்குச் சளிக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாட்டி மேல் மதிப்பு குறையவில்லை, ஆனால் இன்று என் கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை.

கரடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் எங்கள் தெருவுக்குக் கரடி வித்தைக்காரர் வருவார். பயந்த குழந்தையைக் கரடி முதுகில் உட்கார வைப்பார்கள், ஒரு முடியைப் பிடுங்கித் தாயத்தில் வைத்துக் கட்டுவார்கள். மூக்கில் கயிறு கோத்திருந்த அந்தக் கரடியின் மூச்சுச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சீனாவில் பித்துக்காகவே கரடிகளைக் கூண்டில் அடைத்து, வயிற்றில் ஓட்டை போட்டு, வருடக்கணக்கில் பித்தநீரை வடிக்கிற பண்ணைகள் இன்றும் சட்டப்படி நடக்கின்றன. 2020-ல் கொரோனாவுக்கு அந்நாட்டு அரசு பரிந்துரைத்த மருந்துகளில் ஒன்றிலும் கரடிப் பித்துப் பொடி இருந்தது. மாத்திரை வடிவில் அதே பொருள் குறைந்த விலையில் கிடைக்கும்போது இதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. பித்தை விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். போலி என்று பின்னால் தெரிந்தாலும், அதுவரைக்கும் அலையப்போவது நீங்கள்தான்.

உர்சோவையும் சர்வரோக நிவாரணியாக நினைக்க வேண்டாம். குடியால் கெட்ட ஈரலுக்கும் கொழுப்பு ஈரலுக்கும் டானிக் மாதிரி நினைத்து, சீட்டில்லாமல் கேட்டு வருகிறார்கள். அதற்கு அது மருந்தல்ல. வேறொரு பித்தக் குழாய் நோயில் மிக அதிக அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோயாளிகளுக்குக் கெடுதலே அதிகமானது. அத்தைக்குக்கூட அரிப்பை உர்சோ பெரிதாகக் குறைக்கவில்லை. அதற்குத் தனியாகக் கொலஸ்டிரமின் பொடி கொடுத்தார்கள். அந்தப் பொடி உர்சோவையும் சேர்த்துப் பிடித்து வெளியே தள்ளிவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். அத்தை படிக்காதவர். காலை கோயில் மணிக்குப் பொடி, மதியச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டோடு மீதி என்று பழக்கிவிட்டேன். ஒரு வருடத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் நார்மலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. போன மாதம் அட்டை வாங்க வந்தபோது அரை மூட்டை சாமையும் ஒரு பலாப்பழமும் தூக்கிக்கொண்டு வந்தார், முழங்கையில் சொறிந்த தழும்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லின் அளவு, எண்ணிக்கை, பித்தப்பைச் சுவரின் தடிமன், பொதுப் பித்தக் குழாயின் அகலம் எழுதியிருப்பார்கள். பெயரை மறைத்துவிட்டு அந்த நாலு வரியைக் கீழே போடுங்கள்; டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதித் தருகிறேன்.