தர்க்க அனுபவவாத இயலை நீக்க வேண்டுமா?

வணக்கம். தர்க்க, கணிதக் கூற்றுகள் நீங்கலாக, அனுபவத்தால் சரிபார்க்க முடிகிற கூற்றுக்கே பொருள் உண்டு என்னும் சரிபார்ப்புக் கொள்கையைச் சரிபார்க்க அந்தக் கொள்கையாலேயே இயலாது, ஆகவே அதை முன்வைத்த தர்க்க அனுபவவாதம் என்னும் தத்துவ இயக்கம் என்றோ முடிந்துபோனது என்று நெறியாளர் சொன்னதால், ஆய்வேட்டிலிருந்து அந்த இயலை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டாம், இயலின் மையத்தை மட்டும் மாற்றுங்கள்.

அந்த விமர்சனம் பெரும்பாலும் தைப்பது, 1936இல் பிரித்தானியத் தத்துவவாதி ஏயர் ஒரு நூலில் ஆங்கில வாசகர்களுக்கு எளிமையாக்கித் தந்த வடிவத்தைத்தான். (நூல் சுவையாக இருப்பதால் எல்லோரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.) அதே ஆண்டில், இந்த இயக்கத்தின் முன்னணித் தத்துவவாதியான கார்னாப், பொதுவிதி எதையும் முழுமையாகச் சரிபார்க்க முடியாது என்பதை ஏற்று, படிப்படியாக உறுதிப்படுத்துதல் என்னும் தளர்வான அளவுகோலுக்கு நகர்ந்திருந்தார். அதற்கு முன்பே அவருடைய சகாவான நாய்ராத், நோக்கியதைப் பதிவுசெய்யும் வாக்கியங்கள்கூடத் திருத்தத்துக்கு உட்பட்டவையே என்று இயக்கத்தின் மையக் குழுவான வியன்னா வட்டத்துக்குள்ளேயே வாதிட்டார். கரைசேர வழியின்றி, நடுக்கடலிலேயே கப்பலைச் செப்பனிடும் மாலுமிகள் நாம் என்பது அவருடைய உவமை. சொற்பொருளாலேயே உண்மையாகும் பகுப்பு உண்மைக்கும் அனுபவத்தைச் சார்ந்த தொகுப்பு உண்மைக்கும் இடையே இயக்கத்தவர் வரைந்த எல்லைக்கோட்டை 1951இல் தாக்கிய அமெரிக்கத் தத்துவவாதி குவைன்கூட, 1960இல் வெளியிட்ட நூலின் முகப்பில் அதே உவமையைத்தான் மேற்கோளாக வைத்தார்.

அறிவியல் புரட்சிகளைப் பற்றி அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் எழுதிய 1962ஆம் ஆண்டு நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர்க்க அனுபவவாதத்தை வீழ்த்தியதாகப் பேசப்படும் அந்த நூல், நாய்ராத் தொடங்கிய ஒருங்கிணைந்த அறிவியல் கலைக்களஞ்சியத்தின் ஒரு பகுதியாகவே வெளிவந்தது. பதிப்பாசிரியர்களுள் ஒருவரான கார்னாப் அதை வரவேற்றுக் கூனுக்குக் கடிதமும் எழுதினார். ஏயரை ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டு, மீதிப் பக்கங்களைக் கார்னாப்–நாய்ராத் விவாதத்துக்கு ஒதுக்கினால், நெறியாளரின் மறுப்புக்கான விடை இயலுக்குள்ளேயே அமைந்துவிடும்.