கால் அங்குலம்

அன்புள்ள சார்,

நீங்கள் சொன்னதால் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' என்ற ஆங்கில நாவலை வாங்கினேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் நிற்கிறேன். அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பு, பக்கம் பக்கமாகப் பெயர்ப் பட்டியல், நடுவில் ஒரு நீலக் கட்டம். பயமே வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. மேலே படிக்கலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

படியுங்கள். நானும் முதல் தடவை அங்கேதான் மூடி வைத்தேன்.

அந்த அத்தியாயமே புதிர்ப்பாதை பற்றியதுதான். வீட்டுக்குள் முளைத்த இருட்டு நடையில் ஆட்கள் வழி தெரியாமல் திரிகிறார்கள், படிக்கிறவரும் கூடவே திரியட்டும் என்று நாவலாசிரியர் டேனியலெவ்ஸ்கி அச்சையே அப்படிக் கோத்திருக்கிறார். நீலக் கட்டத்தில் இருப்பது அந்த வீட்டில் இல்லாத பொருள்களின் பட்டியல். தாளைத் திருப்பினால் அதே எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறித் தெரியும். அதை வரி விடாமல் வாசிக்க வேண்டாம். கண்ணை ஓட்டிவிட்டு, கதை எந்த மூலையில் தொடர்கிறதோ அங்கே போய்விடுங்கள். ஜானியின் குறிப்புகளை மட்டும் தாண்டாதீர்கள். செத்துப்போன ஒரு கிழவர் இந்த வீட்டைப் பற்றி எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து அடிக்குறிப்பு எழுதுகிறவன் அவன், அதைப் படிக்கப் படிக்க அவன் சிதைவது தனிக்கதை.

உங்கள் ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்தபோதுதான் உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். எங்கோ கிடக்கிற சொல்லை இழுத்து வந்து வேறொரு இடத்தில் கூட்டிப் பொருள் சொல்கிற உரை அது. மூலத்துக்கும் உரைக்கும் விரல் வைத்துப் போய்வருகிற பழக்கம் நமக்கு உண்டு, இந்த நாவலுக்கும் அந்த விரல் போதும்.

சரி, பயம். எனக்கு அது பேயால் வரவில்லை, அளவால் வந்தது. வீட்டை உள்ளே அளந்தால் வெளியே அளந்ததைவிடக் கால் அங்குலம் கூடுதல், எத்தனை தடவை டேப் பிடித்தாலும் கணக்கு சேரவில்லை என்று ஒரு இடம் வருமே, அதைப் படித்தபோது திருவையாற்றில் பாட்டி வீட்டு ரேழி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போவேன், பதினோரு எட்டு வைத்தால் முற்றத்து வெளிச்சம் வந்துவிடும். ஒரு நாள் பதினாலு வைத்தும் வரவில்லை. கூடத்தில் பெரியம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது, உள்ளங்கையில் சுண்ணாம்பு பிசுபிசுக்கிறது, பதினைந்தாவது எட்டு வைக்கக் கால் வரவில்லை. அப்படியே நின்றேன், யாரோ அரிக்கேன் விளக்கோடு வரும்வரை.

பத்தாம் அத்தியாயத்தில் பக்கத்துக்குச் சில வரிதான், சில இடத்தில் சில சொல்தான். அதை ராத்திரியில் ஒரே மூச்சில் படியுங்கள். அப்புறம் எழுதுங்கள்.