படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் கேமரா, லென்ஸ் புரொஃபைல் இரண்டும் ரா படங்களுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்புகளுக்கு) தானாகவே வரும்படி வைக்க முடியுமா?

முடியும். கேமரா புரொஃபைல் படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிப்பது, லென்ஸ் புரொஃபைல் லென்ஸின் குறைகளைத் திருத்துவது. ஒவ்வொரு படத்துக்கும் கையால் போட்டு அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கல்யாண வேலை செய்பவராகத்தான் இருப்பீர்கள். ஆனால் எதை டிஃபால்ட்டாக, அதாவது தானாக வரும் அமைப்பாக, வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நான் அதில் அடிபட்டவன்.

சென்னை ராயபுரத்தில் இருக்கிறேன். என்னிடம் நிக்கான் டி750, கூட வரும் தம்பியிடம் கேனான் 6டி. வேலை இல்லாத நாளில் விடிகாலையில் காசிமேடு போய் மீன் ஏலத்தைப் படம் எடுப்பேன். வஞ்சிரத்தின் பளபளப்பும் படகுகளின் நிறமும் எடுப்பாகத் தெரிய, 'கேமரா விவிட்' புரொஃபைலை டி750க்கு டிஃபால்ட்டாக வைத்திருந்தேன். அதை மறந்துவிட்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் எடுத்த ஒரு கல்யாணத்தின் 1,800 படங்களையும் அப்படியே இறக்கிவிட்டேன். தம்பியின் படங்களுக்கு 'அடோபி கலர்' வந்திருந்தது. இரண்டையும் தனித்தனி நாளில் திருத்தியதால் வித்தியாசம் கண்ணில் படவில்லை.

ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணின் அம்மா இரண்டு பக்கங்களை மாறி மாறிப் புரட்டினார். "ஏம்பா, எம்பொண்ணு முகூர்த்தத்துக்கு ஒரு பொடவதானே கட்டுனா? இதுல ரெண்டு இருக்கே?" என்றார். எம்.சி. ரோட்டில் அவரே கடை கடையாக ஏறி எடுத்த அரக்குப் பட்டு அது. என் படத்தில் மிளகாய்ப்பழச் சிவப்பாக இருந்தது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 14 பக்கங்களை என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.

இப்போது செய்வது இதுதான். ஒரு ரா படத்தைத் திறந்து புரொஃபைலை 'அடோபி கலர்' ஆக வைக்கிறேன். எந்தக் கம்பெனி கேமராவானாலும் நிறம் ஒரே சாயலில் வரட்டும் என்று 2018இல் அடோபி கொண்டுவந்தது அது. லென்ஸ் புரொஃபைல் கரெக்‌ஷனையும் குரோமாட்டிக் அபரேஷன் (ஓரங்களில் தெரியும் நிறக்கசிவு) நீக்கத்தையும் டிக் செய்து, இவற்றை மட்டும் ஒரு ப்ரீசெட்டாக, அதாவது திரும்பப் போடக்கூடிய அமைப்புத் தொகுப்பாக, சேமிக்கிறேன். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எதுவும் அதில் வரக்கூடாது. அப்புறம் பிரிஃபரன்ஸஸ், ப்ரீசெட்ஸ் பகுதியில் கேமரா வாரியாக மாற்றும் பெட்டியை டிக் செய்து, கேமராவையும் ப்ரீசெட்டையும் தேர்ந்தெடுத்து 'கிரியேட் டிஃபால்ட்' கொடுக்க வேண்டும். ஒரே மாடல் இரண்டு இருந்தால் சீரியல் நம்பர் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. தோல் நிறம் ஒரு கேமராவில் சற்றுச் சிவந்தால், நிறத்தை நுணுக்கமாக மாற்றும் காலிபிரேஷன் பகுதியில் திருத்தி அந்தக் கேமராவின் ப்ரீசெட்டில் மட்டும் சேர்க்கலாம். இலவச மென்பொருளான டார்க்டேபிளிலும் கேமரா, லென்ஸ் வாரியாகத் தானாக வரும் ப்ரீசெட் உண்டு.

மேடைத் தூண் வளைவதும் மூலை இருட்டடிப்பதும் லென்ஸ் புரொஃபைலால் சரியாகும். ஆனால் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா அகலமாகத் தெரிவது போகாது. அதற்குப் பின்னால் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும்.

கலர் செக்கர் என்ற நிறக்கட்ட அட்டையை வைத்துப் படம் எடுத்து, அதிலிருந்து சொந்த புரொஃபைல் செய்வதே சரி என்று சிலர் சொல்வார்கள். ஸ்டுடியோவில் செய்யுங்கள், நான் மறுக்கவில்லை. சீரியல் லைட்டும் வீடியோ லைட்டும் மாறி மாறி அடிக்கும் மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் அட்டையைப் பிடிக்க யார் நிற்பார்கள்?

ஒரே கேமரா இரண்டு வாங்கலாமே என்றும் கேட்பார்கள். வாங்கத்தான் போனேன். கடையில் தவணைக்கு எழுதிக்கொடுத்தேன். ஒரு தவணை பாக்கி வைத்ததில்லை, வரிக் கணக்கும் இருக்கிறது. 600013 என்று எங்கள் ஏரியா பின்கோடைப் பார்த்ததும் "உங்க ஏரியாவுக்குக் குடுக்கறதில்ல சார்" என்றார் அந்த நிதி நிறுவனத்து ஆள். ஊரெல்லாம் விடியுமுன் வந்து காசிமேட்டில் படம் எடுத்துப் போகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவன் தவணையில் கேமரா வாங்கக் கூடாதா? இன்னும் ஆறவில்லை.

சரி, ஒன்று விட்டுப்போயிற்று. இந்த டிஃபால்ட் இனி இறக்கும் படங்களுக்குத்தான். பழைய படங்களுக்கும் வரட்டும் என்று ரீசெட் அழுத்திவிடாதீர்கள், செய்த திருத்தமெல்லாம் போய்விடும். அவற்றைத் தேர்ந்தெடுத்து அந்த ப்ரீசெட்டை மட்டும் போடுங்கள்.